நன்கொடைக்குப் பின்னுகிறவர்களுக்கு: கோளாறு எங்கே, எப்படிச் சரிசெய்வது

நன்கொடையாகப் பின்னி அனுப்பும் உருப்படிகள் வரும் பைகளைத் திறந்து, அளந்து, பழுது பார்த்து அனுப்பும் வேலை சில வருடங்களாக என் தலையில் இருக்கிறது. தொப்பி, மஃப்ளர், போர்வைக்கான சதுரம், பெரும்பாலும் இந்த மூன்றுதான் வரும். பின்னுகிற கைகள் மாறினாலும் கோளாறுகள் அதேதான். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்துப்போய், கண்ணில் படும் அறிகுறியை வைத்து இதை எழுதி வைக்கிறேன். உங்கள் கையில் இருக்கும் துண்டு எப்படி இருக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

பக்கத்தில் இருக்க வேண்டியவை: ஒரு குரோஷா ஊசி, இரண்டு ஊக்கு, இஞ்ச் டேப், முனை மழுங்கிய பெரிய தையல் ஊசி, வேறு நிறத்தில் வழுவழுப்பான நூல் ஒரு முழம். ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையத்தையும் கண்ணி என்று சொல்கிறேன். நிட் (நூலைப் பின்பக்கம் வைத்துப் பின்னுவது), பர்ல் (முன்பக்கம் வைத்துப் பின்னுவது) இரண்டையும் எல்லோரும் அப்படியே சொல்வதால் நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

அறிகுறி 1: போகப் போக அகலமாகிறது

30 கண்ணியில் தொடங்கிய மஃப்ளர் ஒன்று 47 கண்ணியில் முடிந்து வந்தது. மடித்துப் பார்த்தால் கொடி மாதிரி முக்கோணம். பின்னியவர், "நான் ஒன்றுமே கூட்டவில்லை" என்றார். உண்மைதான், அவர் கூட்டவில்லை. நூல் தானாகக் கூட்டிக்கொண்டது.

முதலில் ஓரத்தைப் பாருங்கள். இரண்டு ஓரமும் படிப்படியாக விரிந்திருந்தால், தப்பு ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியில் இருக்கிறது. திருப்பிப் பிடித்ததும் நூலை ஊசிக்கு மேலாகப் பின்பக்கம் இழுத்துவிட்டால், முதல் கண்ணி ஏறி உட்கார்ந்து அதன் இரண்டு காலும் இரண்டு கண்ணி போலத் தெரியும். நாம் இரண்டையும் பின்னிவிடுவோம். நூலைக் கீழே தொங்கவிட்டு, ஊசிக்கு அடியாகப் பின்னுக்குக் கொண்டுபோனால் தீர்ந்தது. பத்தில் ஏழு மஃப்ளர் இதோடு சரியாகிவிடும்.

ஓரம் நேராக இருந்து நடுவில் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரிந்தால், நூல் முன்பக்கம் கிடக்கும்போது நிட் போட்டிருக்கிறீர்கள். நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் ரிப்பில் இது சகஜம். அடுத்த வரிசையிலேயே கண்டுபிடித்தால் அந்த உபரி வளையத்தை ஊசியிலிருந்து நழுவ விடுங்கள். மிஞ்சும் நூலைப் பக்கத்துக் கண்ணிகள் வாங்கிக்கொள்ளும்.

ஓட்டையும் இல்லை, ஓரமும் விரியவில்லை, ஆனாலும் எண்ணிக்கை கூடுகிறதா? நூல் பிரிந்து ஒரே கண்ணியின் இரண்டு பாதியையும் தனித்தனியாகப் பின்னியிருப்பீர்கள். முறுக்குத் தளர்ந்த நூலும் கூர்முனை ஊசியும் சேர்ந்தால் இது அடிக்கடி நடக்கும். முனை கொஞ்சம் மழுங்கிய ஊசிக்கு மாறிப் பாருங்கள்.

ஐந்தாறு வரிசைக்குள் தெரிந்தால், கூடிய இடத்துக்கு நேர் மேலே இரண்டு கண்ணியை ஒன்றாகப் பின்னி எண்ணிக்கையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். போட்டுக்கொள்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. ஒரு சாண் தாண்டிவிட்டால் பிரிப்பதுதான் வழி. பிரிக்கும் முறை 3-ஆம் அறிகுறியின் கடைசியில் இருக்கிறது.

அறிகுறி 2: போகப் போகக் குறுகுகிறது

கடைசிக் கண்ணியைப் பின்னாமல் திருப்பியிருப்பீர்கள், அல்லது இரண்டை ஒன்றாக அள்ளியிருப்பீர்கள். இரண்டும் இல்லை என்றால் ஒரு கண்ணி நழுவிக் கீழே கிடக்கிறது. முதல் இரண்டுக்கும் குறைந்த இடத்தில் ஒரு கண்ணி கூட்டிக்கொண்டு போய்விடலாம். மூன்றாவதுக்கு அடுத்த தலைப்பு.

அறிகுறி 3: நடுவில் ஏணிப்படி மாதிரி ஒரு கோடு

பயப்படுகிறவர்கள் அதிகம், சரிசெய்வது சுலபம். ஆனால் இழுக்காதீர்கள். துணியை மேசைமேல் வைத்து, ஏணியின் அடியில் தனியாக நிற்கும் வளையத்தில் முதலில் ஒரு ஊக்கைக் குத்துங்கள். அக்ரிலிக்கும் பொசுபொசுப்பான கம்பளியும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். பருத்தி நூல் நாம் கண்ணாடியைத் தேடுவதற்குள் பத்து வரிசை இறங்கிவிடும்.

இனி குரோஷா ஊசி. ஒரு பக்கம் வழுவழு, மறுபக்கம் மேடு என்று இருக்கும் ஸ்டாக்கிங் பின்னலில், வழுவழுப்பான பக்கத்தை உங்களை நோக்கி வையுங்கள். வளையத்துக்குள் கொக்கியை முன்னாலிருந்து பின்னாக விட்டு, அதற்கு நேர் மேலே உள்ள ஏணிப்படியைக் கொக்கியில் மாட்டி வளையத்தின் வழியே வெளியே இழுங்கள். புது வளையம் வந்துவிட்டது. அடுத்த படி, அடுத்த படி என்று ஏறிப் போய், கடைசி வளையத்தை இடது ஊசியில் ஏற்றுங்கள், வலது கால் ஊசிக்கு முன்பக்கம் இருக்கும்படி. இங்கே எண்ணிக்கொண்டே ஏறுவது முக்கியம். ஒரு படியை விட்டுவிட்டால் பின்பக்கத்தில் ஒரு நூல் தளர்ந்து தொங்கும். குழந்தையின் விரல் சிக்கும் இடம் அது.

இரண்டு பக்கமும் மேடு தெரியும் கார்டர் பின்னல் என்றால் ஒரு சிக்கல். ஒரு படி முன்பக்கமாக, அடுத்தது பின்பக்கமாக வர வேண்டும். கொக்கியை மாற்றி மாற்றிக் குத்தத் தெரியாவிட்டால், ஒவ்வொரு படிக்கும் துணியையே திருப்பிக்கொள்ளுங்கள். நேரம் பிடிக்கும், தப்பு வராது.

பத்து வரிசைக்கு மேல் இறங்கியிருந்தாலும், ஏணி இரண்டு மூன்று இடத்தில் இருந்தாலும், பிரித்துப் பின்னுவது வேகம். பிரிக்கும் முன் ஒரு காரியம். எந்த வரிசை வரை நல்லதோ, அந்த வரிசையின் எல்லாக் கண்ணியிலும் வேறு நிற நூலைத் தையல் ஊசியால் கோத்துவிடுங்கள். அப்புறம் ஊசியை உருவித் தைரியமாக இழுக்கலாம். பிரிப்பு அந்த நூலோடு நின்றுவிடும். கோப்பதற்குக் கால் மணி நேரம் ஆகும். கோக்காமல் பிரித்து, ஓடின கண்ணிகளைப் பிடிக்க ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்தவள் சொல்கிறேன்.

அனுபவசாலியிடம் கொடுக்க வேண்டிய கட்டம்: நூலே அறுந்து ஏணி உண்டாகியிருந்தால். அதைக் கொக்கியால் ஏற்ற முடியாது. அறுந்த இடத்துக்கு மேலும் கீழும் உள்ள கண்ணிகளைப் பிடித்து, அதே நூலால் ஊசித் தையலாகப் பின்னலை வரைந்தெடுக்க வேண்டும். கற்றுக்கொள்ளலாம், ஆனால் முதல் முயற்சியை நன்கொடைப் போர்வையில் செய்ய வேண்டாம்.

அறிகுறி 4: பெரிய ஓட்டை, ஒரு பக்கம் மட்டும் உயரம்

நடு வரிசையில் நிறுத்திவிட்டு எழுந்து போயிருக்கிறீர்கள். திரும்பி வந்து ஊசியை மாற்றிப் பிடித்து, வந்த வழியே பின்னிக்கொண்டு போயிருக்கிறீர்கள். நடு வரிசையில், உருண்டையிலிருந்து வரும் நூல் எப்போதும் வலது கை ஊசியிலிருந்து தொங்க வேண்டும். இடது ஊசியில் தொங்கினால் துணியைத் திருப்புங்கள். பழைய தப்புக்குப் பிரிப்பு ஒன்றே மருந்து.

அறிகுறி 5: தொப்பி தலையில் ஏறவில்லை

எனக்கு வரும் தொப்பிகளில் தலையாய பிரச்சினை இதுதான். இது ஒரே கோளாறு போலத் தெரிந்தாலும் இரண்டு வேறு வியாதி.

தொப்பியின் நடுப்பகுதியை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள், அப்புறம் விளிம்பை இழுத்துப் பாருங்கள்.

*நடு விரிகிறது, விளிம்பு மட்டும் கயிறு மாதிரி நிற்கிறது என்றால்:* கண்ணி ஏற்றும்போதோ (தொடக்க வளையங்களை ஊசியில் போடும்போதோ) முடிக்கும்போதோ இறுக்கிவிட்டீர்கள். அடுத்த தடவை ஒரு அளவு பெரிய ஊசியில் கண்ணி ஏற்றி, பின்னுவதற்குச் சரியான ஊசிக்கு மாறுங்கள். உச்சியிலிருந்து விளிம்புக்குப் பின்னியிருந்தால் முடித்த வரிசையை மட்டும் பிரித்து, பெரிய ஊசியால் தளர்வாக முடிக்கலாம். பத்து நிமிட வேலை. விளிம்பிலிருந்து தொடங்கியிருந்தால் விஷயம் கொஞ்சம் கடினம். ஏற்றிய வரிசையை வெட்டி எடுத்து, கண்ணிகளை ஊசியில் பிடித்து, புது விளிம்பு பின்ன வேண்டும். வெட்டப் பழகாதவர்கள் இதைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

*எல்லாமே சின்னது என்றால்:* அளவுப் பிரச்சினை. வடிவக் குறிப்பில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று போட்டிருக்கும். நமக்கு 24 வரும். இரண்டுதானே என்று தோன்றும். 112 கண்ணித் தொப்பியில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 22 வந்தால் சுற்றளவு 51 செ.மீ., 24 வந்தால் 47 செ.மீ. தளர்வாகப் பின்னி 20 வந்தால் 56. ஒரே கண்ணி எண்ணிக்கை, மூன்று வேறு தலை. பெரியவர்களின் தலை ஏறக்குறைய 56 செ.மீ. இருக்கும். தொப்பி அதைவிட 5 செ.மீ. சின்னதாக இருந்தால்தான் பிடித்து நிற்கும். அதனால் 51 சரி, 56 கண்ணில் வந்து விழும், 47 பள்ளிப் பிள்ளைக்குப் போகும்.

அப்படிப் போவதில் தவறே இல்லை. தொப்பியில் அளவு பிசகினால் பிரிக்காதீர்கள், தலையை மாற்றுங்கள். பிறந்த குழந்தையின் தலை சுமார் 35 செ.மீ. குறைமாதத்தில், 28 வாரத்தில் பிறந்தால் ஏறக்குறைய 25 செ.மீ., ஒரு பெரிய ஆரஞ்சுப் பழத்தின் சுற்றளவுதான். எல்லா அளவுக்கும் ஆள் உண்டு. விரிக்காமல் அளந்து, செ.மீ. கணக்கை ஒரு சீட்டில் எழுதித் தொப்பியோடு கட்டிவிடுங்கள். "சிறியது", "நடுத்தரம்" என்று எழுதினால் அளவுவாரியாக வகைப்படுத்துகிறவருக்கு ஒன்றும் புரியாது.

அறிகுறி 6: வட்டமாகப் பின்னிய தொப்பி முறுக்கிக்கொண்டு நிற்கிறது

விளிம்பைத் தரையில் வைத்தால் படுக்காமல், ஒரு இடத்தில் ஸ்குரூ மாதிரித் திரும்பும். வட்டமாக இணைக்கும்போது ஏற்றிய கண்ணிகள் ஊசியைச் சுற்றித் திரும்பியிருந்திருக்கின்றன. முதல் சுற்று முடியும் இடத்திலேயே கண்டுபிடித்தால், அந்த முறுக்கை முதல் கண்ணிக்கும் கடைசிக் கண்ணிக்கும் இடையிலுள்ள நூல்மேல் தள்ளிவிடலாம். அதைத் தாண்டினால் எந்த வித்தையும் பலிக்காது. முழுக்கப் பிரிக்க வேண்டும்.

அதனால் நான் இணைப்பதையே தள்ளிப்போடுகிறேன். முதல் இரண்டு வரிசையைத் தட்டையாகப் பின்னுவேன். இரண்டு வரிசை ஏறிய பட்டை முறுக்கினால் குருடருக்கும் தெரியும். அப்புறம் இணைத்து வட்டமாகப் போவேன். விளிம்பில் ஒரு சின்னப் பிளவு மிஞ்சும், தொடக்க நூலின் வாலால் இரண்டு தையல் போட்டால் மூடிவிடும்.

அறிகுறி 7: ஓரம் சுருண்டுகொள்கிறது

ஸ்டாக்கிங் பின்னலின் சுபாவம் அது. பக்க ஓரங்கள் பின்னுக்கும், மேல் கீழ் ஓரங்கள் முன்னுக்கும் சுருளும். எடை வைத்து அமுக்குவது, ஈரத்தில் ஊசி குத்திக் காயவைப்பது எல்லாம் முதல் துவைப்பு வரைதான். அக்ரிலிக்கில் அதுவும் நிற்காது என்று இஸ்திரிப் பெட்டியை எடுக்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். சூடு பட்டால் அக்ரிலிக் தொய்ந்து, பளபளவென்று உயிரில்லாத துணியாகிவிடும். திரும்ப வராது.

முடித்த மஃப்ளர் என்றால் ஓரக் கண்ணிகளை எடுத்து நாலு வரிசை கார்டர் பின்னிச் சேருங்கள், அல்லது குரோஷாவில் ஒரு கரை போடுங்கள். இன்னும் தொடங்கவில்லை என்றால் இரு பக்கமும் ஐந்து ஐந்து கண்ணி கார்டராக விடுங்கள். முழுக்கக் கார்டரிலேயே பின்னினால் இந்தத் தலைப்பே வேண்டாம். புதிதாகப் பின்னுகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

அறிகுறி 8: சதுரம் சதுரமாக இல்லை

முதலில் என்ன அளவு கேட்டார்கள் என்று மறுபடி பாருங்கள். எல்லோரும் ஒரே அளவு கேட்பதில்லை. தென்னாப்பிரிக்காவில் நிட்-எ-ஸ்கொயர் என்ற தொண்டு அமைப்பு 8 அங்குலச் சதுரம் கேட்கிறது. வார்ம் அப் அமெரிக்கா என்ற இன்னொரு அமைப்பு கேட்பது சதுரமே அல்ல, 7க்கு 9 அங்குலத் துண்டு. 49 துண்டு சேர்ந்தால் ஒரு போர்வை. ஒருவருக்குப் பின்னியதை இன்னொருவருக்கு அனுப்பினால் தைக்கிற இடத்தில்தான் அவஸ்தை.

அளவு தெரிந்தும் கோணினால், உயரம் எங்கே நிறுத்துவது என்பதில் தடுமாறியிருப்பீர்கள். கார்டரில் டேப்பே வேண்டாம். 40 கண்ணி ஏற்றினால் 40 மேடு வரும்வரை, அதாவது 80 வரிசை பின்னினால் சதுரம். அப்போதும் அகலம் 8 அங்குலம் வராமல் 7 வந்தால் கை இறுக்கம். ஊசியை ஒரு அளவு ஏற்றுங்கள்.

கை இறுக்கமே பார்க்க வேண்டாம் என்றால் மூலையிலிருந்து மூலைக்குப் பின்னுங்கள். மூன்று கண்ணியில் தொடங்கி, ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் ஒரு கண்ணி கூட்டிக்கொண்டே போங்கள். சாய்வான ஓரத்தின் நீளம் 8 அங்குலம் வந்ததும், அதே மாதிரி ஒவ்வொன்றாகக் குறையுங்கள். தடித்த நூலானாலும் மெல்லிய நூலானாலும், யார் பின்னினாலும், 8 அங்குலம்தான் வரும். பத்துப் பேர் சேர்ந்து ஒரு போர்வை செய்கிறார்கள் என்றால் நான் வேறு முறையை ஒப்புக்கொள்வதே இல்லை.

அரை அங்குலம் குறைவான சதுரத்தை இழுத்து நீட்டாதீர்கள். சுற்றிலும் ஒரு வரிசை குரோஷா போட்டால் அளவுக்கு வந்துவிடும். ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் அப்படியே, அளவை எழுதி, தனியாகக் கட்டி அனுப்புங்கள். ஒரே மாதிரி பிசகிய ஒன்பது சதுரம் சேர்ந்தால் ஒரு குட்டிப் போர்வை.

அறிகுறி 9: பாதியில் நிறம் மாறிவிட்டது

நூல்கண்டின் லேபிளில் நிற எண்ணோடு சாய எண்ணும் இருக்கும். ஒரே நிறம், வேறு சாயத் தொட்டி என்றால் கோடு விழும். ராத்திரி விளக்கில் தெரியாது, பகலில் பல்லிளிக்கும். இரண்டு கண்டையும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றிப் பின்னினால் கண் ஏமாந்துவிடும். ஏற்கெனவே கோடு விழுந்திருந்தால், நான் பிரிக்கமாட்டேன். குளிருக்குக் கோடு தெரியாது.

அறிகுறி 10: துவைத்ததும் நூல் முனை எட்டிப் பார்க்கிறது

கொடுத்த பிறகு வெளிப்படும் கோளாறு இது, அதனால்தான் நமக்குத் தெரிவதில்லை. முனையை ஒரு அங்குலம் விட்டு முடிச்சுப் போட்டு நறுக்கியிருப்பார்கள். முடிச்சு நாளடைவில் அவிழும். அவிழாவிட்டால் நெற்றியில் உறுத்தும். முனையை ஒரு சாண் நீளம் விடுங்கள். தையல் ஊசியில் கோத்து ஒரு திசையில் ஐந்தாறு கண்ணி, திரும்பி எதிர்த்திசையில், பிறகு ஒரு தரம் குறுக்கே. மூன்று திசை போனால் மெஷினும் பிடுங்காது. தொப்பியின் உச்சியில் மிஞ்சும் எட்டுக் கண்ணிக்குள் நூலை ஒரு தரம் கோத்து இழுப்பார்கள். இரண்டு தரம் கோத்து இழுத்துக் கட்டுங்கள்.

முனை ஏற்கெனவே குட்டையாக நறுக்கப்பட்டிருந்தால்: ஊசியை முதலில் கண்ணிகளுக்குள் செருகி வைத்து, காது மட்டும் வெளியே தெரியும்போது நூலைக் கோத்து இழுங்கள். முக்கால் அங்குலம் இருந்தாலும் உள்ளே போய்விடும்.

அறிகுறி 11: துவைத்ததும் பாதியாகச் சுருங்கிக் கெட்டியாகிவிட்டது

கம்பளி நூல், வெந்நீர், உருட்டல். இதற்கு வைத்தியம் கிடையாது. மெஷினில் போடலாம் என்று லேபிளில் எழுதாத கம்பளியை நன்கொடைக்கு எடுக்காதீர்கள். ஆஸ்பத்திரியிலும் காப்பகத்திலும் தொப்பியைக் கையால் அலச யாருக்கு நேரம்? அக்ரிலிக்கோ, மெஷினுக்கென்று பதப்படுத்திய கம்பளியோ போதும். சுருங்கினதைத் தூக்கிப் போடாமல் பாத்திரப் பிடி தைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி 12: பின்னல் நன்றாக இருக்கிறது, திரும்பி வந்துவிட்டது

ஊசியால் தீராத கோளாறு. எளிதான காரணத்திலிருந்து பாருங்கள்.

வாசனை: சிகரெட், சமையல், பூச்சி உருண்டை. துவைத்து, வெயில் படாமல் காற்றில் இரண்டு நாள் உலர்த்தினால் போகும். உங்கள் வீட்டு வாசனை உங்களுக்குப் பழகிப்போயிருக்கும், வேறு யாரையாவது முகரச் சொல்லுங்கள்.

தொங்கல்கள்: குழந்தைத் தொப்பியில் பொத்தான், மணி, ரிப்பன், குஞ்சம், தாடையில் கட்டும் கயிறு எதுவும் வேண்டாம். பொத்தான் வாய்க்குப் போகும், கயிறு கழுத்துக்குப் போகும். ஓட்டை ஓட்டையான பூ வேலைப்பாட்டில் பச்சைக் குழந்தையின் விரல் மாட்டிக்கொள்ளும். தைத்த அலங்காரத்தை அறுத்தெடுத்துவிட்டு மறுபடி அனுப்பலாம்.

நூல்: ரோமம் உதிரும் நூலைக் குழந்தைகளுக்கு யாரும் வாங்கமாட்டார்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் முடி உதிர்ந்தவர்களின் தலைத்தோல் சின்ன உறுத்தலையும் தாங்காது. அவர்களுக்கு மென்மையான பருத்தி, தையல் இணைப்பு உள்பக்கம் மேடாக நிற்காமல். தொப்பியை உங்கள் கழுத்தின் பக்கவாட்டில் ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். அரித்தால் அது அவர்களுக்கு ஆகாது.

இவை எதுவும் இல்லாமல் திரும்பினால், அவர்களிடம் அந்தப் பொருள் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. அங்கே ஒரு வார்த்தை கேட்பதுதான் வழி. குறைமாதக் குழந்தைகளுக்கு எந்த அளவு, எந்த நூல், தொப்பியே வேண்டுமா என்பதெல்லாம் அந்த வார்டின் நர்ஸ் முடிவு செய்ய வேண்டியவை. வடிவக் குறிப்பில் எழுதியிருக்கிறது என்பதற்காக அவரோடு வாதாட வேண்டாம்.

பையைக் கட்டும் முன் ஒவ்வொரு தொப்பிக்குள்ளும் கையை விட்டு விரலை விரித்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஏணியைப் பிடிக்கக் குத்திய ஊக்கு சில சமயம் உள்ளேயே இருக்கும். போன மாதம் ஒன்றை எடுத்தேன், என்னுடையதுதான்.